வாகனத்தில் விட்டுப்போகும் பெயர்கள்

ஆவணி மாதத்தில் வடமராட்சியில் வாடகைக்கு ஓடும் வான் ஒன்றில் ஏறி, சாரதியின் அனுமதியோடு முன்திரையில் உள்ள புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த வாகனம் அந்தப் பருவத்தில் யாரையெல்லாம் சுமந்து திரிந்தது என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும். இன்னாரின் ஐபோன், இன்னாரின் சாம்சுங், அவருடைய மகளின் பேசி, மருமகனின் பேசி என்று ஐந்து, பத்துப் பெயர்கள் வரிசையாக நிற்கும். நல்லூர்த் தேருக்கு வந்தவர்கள், சந்நிதியில் நேர்த்தி வைத்தவர்கள், காணி உறுதி தேடி வந்தவர்கள், கலியாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதிலே இருப்பார்கள். ஆட்கள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சூரிச்சுக்கும் திரும்பி மாதக்கணக்காகியிருக்கும். பெயர்கள் மட்டும் பருத்தித்துறைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் அடுத்த வாடகைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

பெயர்கள் மட்டுமானால் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பேசியை வாகனத்தோடு இணைக்கும்போது திரையில் ஒரு கேள்வி எழும்: தொடர்புகளையும் அழைப்பு விபரங்களையும் பகிரலாமா என்று. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் போடச் சொல்லிச் சத்தமிட்டுக்கொண்டிருக்க, முன்னால் இருப்பவர் கேள்வியை வாசிக்காமலே 'ஆம்' என்பதைத் தொட்டுவிடுவார். தேவைப்பட்டது ஒரு பாட்டு. கொடுக்கப்பட்டதோ முழுத் தொலைபேசிப் புத்தகம். பேசியிலுள்ள அத்தனை பெயர்களும், அத்தனை இலக்கங்களும், கடைசியாக யார் யாரோடு எத்தனை மணிக்குப் பேசினார் என்ற விபரமும் சில விநாடிகளில் வாகனத்தின் திரைக்குப் பின்னால் உள்ள நினைவகத்துக்குப் போய்விடுகின்றன.

இது ஒரு பெரிய விடயமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய விடயம்தான் என்பது என் கருத்து. மற்ற ஊர்களைக் காட்டிலும் எங்கள் ஊரில் அது பெரிது என்றும் நினைக்கிறேன். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த இணைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புளூடூத் என்ற பெயர் பத்தாம் நூற்றாண்டின் டென்மார்க் அரசனான ஹரால்ட் என்பவனுடைய பட்டப்பெயர். நீலப்பல்லன் என்று தமிழில் சொல்லலாம். சிதறிக் கிடந்த டேனியக் குழுக்களை ஓர் ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தவன் என்று அவன் அறியப்படுகிறான். 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில், கம்பியில்லாமல் குறுந்தூரத்துக்குத் தரவை அனுப்பும் ஆய்வு தொடங்கியது. யாப் ஹார்ட்சன், ஸ்வென் மத்திசன் என்ற இரு பொறியியலாளர்கள் அதில் முக்கியமானவர்கள். இன்ரெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கார்டாக் என்பவர், கணினிகளையும் பேசிகளையும் ஒன்றுசேர்க்கும் இத்திட்டத்துக்கு ஒன்றுசேர்த்த அரசனின் பெயரைத் தற்காலிகமாக வைப்போம் என்றார். தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. 1998இல் எரிக்சன், ஐ.பி.எம்., இன்ரெல், நோக்கியா, தொஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதற்கெனப் பொது அமைப்பை உருவாக்கின. இன்று எல்லாப் பேசிகளிலும் காணப்படும் அந்தக் கோணல் அடையாளம், ஹரால்டின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பழைய வடநாட்டு எழுத்தில் எழுதி ஒன்றோடொன்று பிணைத்தது.

வேலை செய்யும் விதமும் சுவையானது. 2.4 கிகா ஹேர்ட்ஸ் என்ற, யாரும் அனுமதி கேட்காமல் பாவிக்கக்கூடிய அலைவரிசைப் பகுதியை 79 சிறு துண்டுகளாகப் பிரித்து, விநாடிக்கு 1600 தடவை ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் பேசுகின்றன இரு கருவிகளும். எந்த ஒழுங்கில் தாவுவது என்பது அவ்விரண்டுக்கு மட்டுமே தெரியும். ஆகவேதான் ஒரே தரிப்பிடத்தில் இருபது வாகனங்கள் நின்றாலும் ஒன்றின் பாட்டு மற்றொன்றில் கேட்பதில்லை. முதன்முறை இணைக்கும்போது இரண்டும் ஒரு திறவுகோலைத் தங்களுக்குள் உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்கின்றன. பழைய வாகனங்களில் 0000 அல்லது 1234 என்று அடிக்கச் சொன்னது இதற்காகத்தான். 2007இல் வந்த மாற்றத்தின் பின் பொதுவாக இரு திரைகளிலும் ஆறிலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றா என்று பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

ஆளுக்கொரு பிரதி என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தை வாசகர்கள் சற்று மனதில் இருத்த வேண்டும். பேசியிலிருந்து வாகனத்தின் பெயரை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்றே அனைவரும் நினைக்கின்றனர். அழிந்தது நம்முடைய பிரதி மட்டுமே. வாகனத்தில் உள்ளது அப்படியே இருக்கும். சில வாகனங்கள் பேசி தூரப்போனதும் தொலைபேசிப் புத்தகத்தை மூடி மறைத்துவிடும். மறைப்பது வேறு, அழிப்பது வேறு. யப்பானில் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பல பழைய வழிகாட்டித் திரைகளிலோ, தொலைபேசிப் புத்தகத்தைத் திரைக்கு 'மாற்றிக்கொள்ளும்' வசதி தனியாகவே உண்டு. மாற்றியது மாற்றியதுதான். பேசி கடலுக்குள் விழுந்தாலும் அது திரையில் இருக்கும்.

நம்முடைய வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் அந்த யப்பானிய வாகனங்களே. அவர்களும் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால் அங்கு சில ஆண்டுகள் ஓடிய வகன் ஆர், விற்ஸ், அக்குவா, அக்ஸியோ, ஹையேஸ் எல்லாம் கப்பலேறி இங்கே வந்தன. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியாருக்கான கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பிறகுதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டிலிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஒரே கார் மூன்று, நான்கு சொந்தக்காரரைக் கண்டது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தலைமுறைக்கு இது புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் இருந்து பெற்றோல் சில துளிகளை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை வெண்புகையோடு ஓட்டிப்போன சாரதிகள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அந்தக் கார்களுக்கு நினைவாற்றல் கிடையாது. யாரை ஏற்றின, எங்கே இறக்கின என்பதெல்லாம் சாரதியின் நெஞ்சுக்குள் மட்டும் இருந்தன. அவர்களில் பலர் வாயைத் திறக்காதவர்கள்.

இன்றைய யப்பானியத் திரைகளுக்கு நினைவு உண்டு; மொழிதான் இல்லை. திரை முழுவதும் யப்பானிய எழுத்து. பெரும்பாலானவற்றில் ஆங்கிலத்துக்கு மாற்ற வழியே வைக்கப்படவில்லை, ஏனெனில் அது யப்பானியருக்கென்று செய்தது. வானொலியும் அவ்வாறே. யப்பானில் பண்பலை ஒலிபரப்பு 76 முதல் 90 மெகா ஹேர்ட்ஸ் வரை இருந்து பின்னர் 95 வரை விரிந்தது. இங்கோ 88 முதல் 108 வரை. ஆகவே நம்முடைய தமிழ் வானொலிகளிற் பலவற்றை அந்தக் கார்கள் பிடிப்பதில்லை. அலைவரிசையைக் கீழிறக்கிக் கொடுக்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினால் கேட்கும். ஆனால் திரையில் ஓர் எண் இருக்க, உண்மையான எண் வேறாக இருக்கும். பற்றறியைக் கழற்றிப் பூட்டினால் சில திரைகள் வரைபட அட்டையையோ பூட்டுத் திறக்கும் எண்ணையோ கேட்டு அடம்பிடித்து, முற்றாகப் படுத்துவிடும். இத்தனை இடைஞ்சல்களுக்கும் நடுவில் ஒழுங்காக வேலை செய்வது புளூடூத் ஒன்றுதான். வானொலி இல்லாத குறையைப் பேசி தீர்த்துவைக்கிறது. திரையும் படுத்துவிட்ட வாகனங்களில், சிகரெட் பற்றவைக்கும் துளையில் சொருகி, பேசியின் பாட்டைப் பண்பலையாக மாற்றிக் காரின் வானொலிக்கே கொடுக்கும் மலிவான கருவி வந்திருக்கிறது. சுற்றிவளைத்துப் போனாலும் சேர்ந்துவிடுகிறது.

யப்பானிய எழுத்தில் ஓரெழுத்தும் தெரியாத இளைஞர்கள் இந்தத் திரைகளைக் கையாளும் திறமை வியக்கத்தக்கது. இடப்பக்க மேல்மூலை, அதில் மூன்றாவது வரி, பிறகு நீலப் பெட்டி என்று இடங்களை மனனம் செய்துவைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இணைக்கும் வழி எல்லோருக்கும் தெரியும். அழிக்கும் வழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இணைப்பதற்கு யாராவது கேட்கிறார்கள், அழிப்பதற்கு இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்று ஒரு சாரதி எனக்குச் சொன்னார். நியாயமான பதில்.

அண்மையில் நெல்லியடியில் கைமாறிய ஒரு காரில், விற்றவருடைய தொலைபேசிப் புத்தகம் முழுமையாக இருந்தது. வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அதை எவ்வாறு அழிப்பது என்று விசாரிக்கவே திரையை எனக்குக் காட்டினார். அம்மா, பெரியப்பா, சீட்டு அக்கா, வங்கி முகாமையாளர், இரண்டு வைத்தியர்கள், வட்டிக்குக் கொடுப்பவர் என்று ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே ஆங்கில எழுத்தில் அங்கே கிடந்தது. சீட்டுக்காரியையும் வட்டிக்காரரையும் கடைசியாக எத்தனை தடவை அழைத்திருக்கிறார் என்பதிலிருந்து, கார் ஏன் விற்கப்பட்டது என்பதையும் ஊகிக்கலாம். மேற்கொண்டு பார்க்காமல் அழித்துக்கொடுத்தோம்.

ஆங்கில எழுத்தில் என்றேன். இது இன்னொரு கதை, ஆனால் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பேசியில் தமிழில் எழுதிவைத்த பெயர்கள் இந்தத் திரைகளில் சதுரப் பெட்டிகளாகத் தோன்றும், அல்லது வெறுமையாகவே இருக்கும். பேசி பெயரைச் சரியாகத்தான் அனுப்புகிறது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. வாங்கும் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை. இருந்தாலும் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்த்து எழுத அதற்குத் தெரியாது. இதனால் நடப்பது என்னவென்றால், பேசியில் தமிழில் பெயர் எழுதிவந்தவர்கள்கூடக் காருக்காக ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுகிறார்கள். 'அண்ணா கனடா' ஆங்கிலத்துக்குப் போகிறார். மாமியும் போகிறார். எந்த அரசும் சட்டமியற்றவில்லை, எந்த அதிகாரியும் கட்டளையிடவில்லை. ஒரு எழுத்துருவைச் சேர்க்கச் சோம்பற்பட்ட தொழிற்சாலை அதைச் செய்துவிட்டது. புதிய வாகனங்களில் இது தீர்ந்துவருகிறது. 2014இல் வந்த அப்பிளின் கார்பிளே, அடுத்த ஆண்டு வந்த அண்ட்ரொயிட் ஓட்டோ ஆகியவற்றில் எழுத்தைத் தீட்டுவது காரின் திரையல்ல, பேசியே. பேசியில் தெரியும் தமிழ் அப்படியே காரிலும் தெரியும். கம்பியில்லா வகையில் புளூடூத் முதல் அறிமுகத்தைச் செய்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, மிச்சத்தை வைஃபை சுமக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பெயர்களைத் தமிழிலேயே வைத்திருங்கள். திரையில் பெட்டி தெரிந்தால் தெரியட்டும். ஓட்டும்போது திரையை வாசிக்காமல் இருப்பது உடம்புக்கும் நல்லது.

இனி, எங்கள் ஊரில் இது பெரிய விடயம் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டில் தொலைபேசி என்பது கிட்டத்தட்ட இல்லாமற் போனது. வெளிநாட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்க வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய், தொடர்பாடல் நிலையத்தில் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரின் குடும்பக் கதையைக் கேட்டபடி காத்திருந்த பெற்றோர் ஆயிரக்கணக்கானோர். 2002இல் போர்நிறுத்தம் வந்தபின்தான் கைத்தொலைபேசி யாழ்ப்பாணத்துக்கு வந்தது. பேசி வந்து நாலைந்து ஆண்டுகளுக்குள் நிலைமை மாறி, 2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்டது. அதற்குப் பின்னரான காலத்தில் கையிலுள்ள பேசி ஒரு சுமையாக மாறியது. சோதனைச் சாவடியில் பேசியை வாங்கிப் பெயர்ப்பட்டியலை மேலிருந்து கீழாக உருட்டிப் பார்ப்பார்கள். இவர் யார், அவர் யார், இந்த வெளிநாட்டு இலக்கம் யாருடையது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயர் இருந்ததால் வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு நாட்கள் பிடித்தவர்கள் உண்டு. அந்நாட்களில் முக்கியமான இலக்கங்களை மக்கள் மனனம் செய்தார்கள். பெயரை மாற்றி எழுதினார்கள். சிறு குறிப்பேடுகளின் தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள்.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது இன்னும் கூர்மையானது. யாழ்ப்பாணத்தில் 2000 ஒக்ரோபர் 19ஆந் திகதி மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2ஆந் திகதி உதயன் அலுவலகத்துக்குள் ஆயுதபாணிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். அக்காலத்துச் செய்தியாளன் ஒருவனிடம் இருந்த பெறுமதியான சொத்து அவனுடைய தொலைபேசிப் புத்தகம். மிகவும் ஆபத்தான சொத்தும் அதுவே. தகவல் தந்தவரின் பெயர் வெளியே போனால் தண்டிக்கப்படுவது தகவல் தந்தவர். எங்களில் பலர் இன்றும் சில இலக்கங்களைப் பெயரின்றியே வைத்திருக்கிறோம்; பழக்கம் போகவில்லை. அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர்கள், மனித உரிமை வேலை செய்பவர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு தொடர்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இன்று களத்துக்குப் போவது வாடகை வாகனத்தில்தான். பேசியின் மின் குறைகிறது என்று கம்பியைச் சொருகுகிறார்கள். திரை கேட்கிறது, விரல் 'ஆம்' என்கிறது. அன்று சாவடியில் கட்டாயத்தின் பேரில் காட்டிய பட்டியலை இன்று யாரும் கேட்காமலே ஒரு வானுக்குள் வைத்துவிட்டு இறங்குகிறோம்.

காலம் மாறிவிட்டது, இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இது எங்கள் நாட்டுப் பயமும் அல்ல. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2016இல், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் பேசியின் விபரங்களை அழித்துவிடுங்கள், மின்னேற்றுவதற்குக் காரின் தரவுத் துளையைப் பாவிக்காமல் சிகரெட் துளையைப் பாவியுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. இலண்டனில் இயங்கும் பிரைவசி இன்ரர்நாஷனல் அமைப்பு 2017இல் வாடகைக் கார்களை எடுத்து ஆராய்ந்தபோது, முன்னர் ஓட்டியவர்களின் விபரங்கள் அவற்றில் தங்கியிருக்கக் கண்டது. 2021இல், வாகனத்தின் நினைவகத்தைத் திறந்து தொடர்புகளையும் போய்வந்த இடங்களையும் எடுக்கும் கருவிகளை அமெரிக்க எல்லைக் காவல் துறை வாங்கிய செய்தி வெளியானது. பேசிக்குக் கடவுச்சொல் உண்டு, விரல்ரேகை உண்டு. காருக்கு இருப்பது ஒரு சாவி. அதையும் திருத்தகத்தில் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடுகிறோம்.

இலங்கையில் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதன் பல பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது. முழுமையாக நடைமுறைக்கு வந்தாலும் ஒரு வானை வைத்துப் பிழைக்கும் சாரதியின் திரையை எட்டிப்பார்க்க யாரும் வரப்போவதில்லை. வரவும் வேண்டாம். இது சட்டத்தால் தீருமென்று நான் எண்ணவில்லை. வாகனம் வாடகைக்கு விடுபவர்களின் தொழில் ஒழுக்கமாக வரவேண்டியது. பயணிகள் இறங்கியதும் இருக்கைகளைத் தட்டி, மிக்ஸர் துகளைக் கூட்டி, மறந்துபோன குடையை எடுத்துவைக்கிறார்கள் அல்லவா, அதோடு இதையும் சேர்த்துக்கொண்டால் அரை நிமிடம் செல்லும். கார் விற்கும்போது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் பார்க்கிற தரகர், திரை துடைக்கப்பட்டதா என்பதையும் பார்க்கலாம். பயணிக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் மூன்று கிழமை விடுமுறையில் ஓடித்திரிபவருக்கு யப்பானிய எழுத்தில் அழிக்கும் பொத்தானைத் தேடச் சொல்வதிலும், நாள்தோறும் அந்தத் திரைக்கு முன் இருப்பவரிடம் எதிர்பார்ப்பதே முறை.

பேச்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். காரோடு பேசியை இணைத்தால் கைகளுக்கு வேலை இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரெடல்மயர், ரிப்சிராணி என்ற இரு ஆய்வாளர்கள் ரொறன்ரோவில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டும்போது தொலைபேசியில் பேசினால் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று கண்டது. கையில் பிடித்துப் பேசுவதற்கும் பிடிக்காமல் பேசுவதற்கும் பெரிய வேறுபாட்டை அவர்கள் காணவில்லை. கை சும்மா இருந்தாலும் கவனம் ரொறன்ரோவில் இருக்கிறது என்பதுதான் சங்கதி. எங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். கோடையில் ரொறன்ரோவில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. இலண்டனில் மதியம் ஒரு மணி என்றாலும் இங்கே அதே ஐந்தரை. அங்குள்ளவர்கள் வேலைக்குப் போகும் வழியிலும் மதிய உணவு இடைவேளையிலும் ஊருக்கு அழைக்கும் நேரம், இங்குள்ளவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சிக்குத் திரும்பும் நேரம். குளிர்காலத்தில் மணியைப் பின்தள்ளினால் அழைப்பு ஆறரைக்கு வரும், நன்றாக இருட்டியபின். வல்லைவெளியில் அந்த நேரத்தில் விளக்கில்லாத சைக்கிள்கள் வரும், மாடுகள் குறுக்கே படுத்திருக்கும், எதிர்க்காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும். முனியப்பர் கோவிலடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் புறப்படும் சாரதிகள், நூறு யார் போவதற்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். காவலும் கவனமும் இரண்டும் வேண்டும் என்பதை முனியப்பர்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. காரில் எடுக்கும் அழைப்பை அந்தக் காரில் இருக்கும் அனைவரும் கேட்கிறார்கள். அழைப்பவருக்கு அது தெரியாது. மகளுக்குப் பேசிவந்த இடம் குழம்பிப்போனது, தம்பி இன்னும் காசு அனுப்பவில்லை, வைத்தியர் சொன்ன சோதனை முடிவு என்று எல்லாம் நான்கு ஒலிபெருக்கிகளில் முழங்கும். பின்னிருக்கையில் இருக்கும் அந்நியர் யன்னலுக்கு வெளியே பனைகளைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வார். தொடர்பாடல் நிலைய வரிசை திரும்பவும் வந்துவிட்டது, இம்முறை குளிரூட்டியோடு. அழைப்பை எடுத்தவுடனேயே, "நான் வானுக்குள்ள நிக்கிறன், ஆக்கள் இருக்கினம், வீட்ட போய் எடுக்கிறன்" என்று சொல்லிவிடும் ஒரு சாரதியை எனக்குத் தெரியும். அரை வசனத்தில் அவர் இரண்டு பிரச்சினைகளையும் தீர்த்துவிடுகிறார்.

ஊருக்கு வரும் வாசகர்கள் செய்யக்கூடியது இவ்வளவே. பாட்டுக் கேட்பதற்குத் தொடர்புகளைக் கொடுக்க வேண்டியதில்லை. திரை கேட்கும்போது மறுத்துவிடுங்கள்; பாட்டு அப்போதும் கேட்கும். 'ஆம்' என்று ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தால், பேசியின் புளூடூத் அமைப்பில் அந்த வாகனத்தின் பெயருக்குள் போய்த் தொடர்புப் பகிர்வை நிறுத்தலாம். அண்ட்ரொயிட், ஐபோன் இரண்டிலும் அதற்கு இடமுண்டு. முன்னர் போனது போனதுதான், அதை வாகனத்தின் பக்கத்திலேயே அழிக்க வேண்டும். இறங்கும் நாளில் வாகனத்தை நிறுத்திவைத்து, கைத்தடையைப் போட்டபின் சாரதியிடம் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பல யப்பானியத் திரைகள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே விடாது. அவர் அழித்தபின், உங்கள் பேசியில் எதையும் மாற்றாமல் வாகனத்தை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கச் சொல்லுங்கள். பேசி தானாகவே போய் இணைந்தால் அது இன்னும் அழியவில்லை.